விதைக்கூடைக்குள் ஒரு கிலோ மிக்சர்

பிள்ளை பெற்றவளுக்குத் தனியாகச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. பிள்ளை கடித்து வைத்த பிஸ்கட்டின் மீதி, பிள்ளை துப்பிய பொரியுருண்டையின் மீதி, பிள்ளை வேண்டாம் என்று தள்ளிவிட்ட தோசையின் மீதி, இவை எல்லாம் சேர்ந்ததுதான் அவள் சாப்பாடு. இதற்கு நடுவில் அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் டப்பாவுக்குள் கை ஒரு முறை போய்வரும். அதை யாரும் சாப்பாடாக நினைப்பதில்லை. (நின்றுகொண்டே தின்றால் உடம்பில் ஒட்டாது என்று இருபத்தேழு வயதில் நான் மனதார நம்பினேன். இத்தனைக்கும் நான் நர்சு.)

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜவ்வாது மலையில், ஒடுகத்தூரில் ஜீப் கிடைத்தால் ஜீப், கிடைக்காவிட்டால் நடை என்று ஏறிப் போகிற ஒரு சின்ன ஊரில் எனக்கு வேலை. என் கணவர் ஒடுகத்தூரில் ஒரு எண்ணெய் மில்லில் எழுத்தர். சனிக்கிழமை சாயங்காலம் மேலே வருவார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கிவிடுவார். மற்ற நாளெல்லாம் நான், நாலு வயது செல்வி, இரண்டரை வயது பாபு, தோளில் ஒரு மருந்துப் பை. வீடு வீடாகப் போய் ஊசி போட வேண்டும், கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பேதி என்றால் ஓட வேண்டும். அடுப்பில் உலை வைத்துவிட்டு நான் ஓடிய நாட்களில் பாதி நாள் உலை தீய்ந்திருக்கும்.

என்னைக் காப்பாற்றியது மிக்சர். கணவர் வாரம் தவறாமல் ஒடுகத்தூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்க் கடையிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கி வருவார். பாபு அழுதால் மிக்சர். செல்வி தலை பின்ன உட்காராவிட்டால் மிக்சர். நான் நாலு மைல் நடந்து திரும்பி வந்து சோறு வடிக்கத் தெம்பில்லை என்றால் மூன்று பேருக்கும் மிக்சர். செல்வி ஓமப்பொடியை மட்டும் பொறுக்குவாள், பாபு வேர்க்கடலையை மட்டும் பொறுக்குவான், மிச்சமிருக்கிற காராபூந்தியும் கறிவேப்பிலையும் எனக்கு. எங்கள் வீட்டில் சண்டை சச்சரவே வராது. சாப்பாட்டு வேளையும் வராது.

இந்த லட்சணத்தில் மாதம் ஒரு முறை பலாமரத்தடியில் ஊர்த் தாய்மார்களைக் கூட்டி வைத்து நான் பேச வேண்டும். பேசுவேன் பாருங்கள், அப்படிப் பேசுவேன். "கடைப் பண்டம் வாங்கித் தராதீங்க. கேழ்வரகு குடுங்க, சாமை குடுங்க, கீரை குடுங்க. பிள்ளைங்க வயித்துக்கு எண்ணெய்ப் பலகாரம் விஷம்" என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வேன். சொல்லிக்கொண்டே பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட ஓமப்பொடியை நாக்கால் நெம்புவேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். மலையில் அவர்களுக்குக் கடையே கிடையாது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

பேச்சு முடிந்ததும் எடை போடுவோம். பலாமரக் கிளையில் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் துணித்தூளி கட்டி, ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைப்பேன். மார்கழி மாதக் கூட்டத்தில் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்காவின் மகள் ஏறினாள். அவளுக்கும் செல்விக்கும் ஒரே வயது. முள் நன்றாக இறங்கியது. அடுத்து செல்வி ஏறினாள். முள் போன மாதம் நின்ற இடத்துக்கே வரவில்லை. அரை கிலோ குறைவு. நான் தராசைத் தட்டினேன். தூளியை உதறினேன். கிளையைக் கூடக் குறை சொன்னேன். அப்புறமும் அரை கிலோ குறைவுதான்.

சின்னப்பொண்ணு அக்கா நான் வேலைக்குப் போகும்போது என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர். மனதில் வஞ்சகம் இல்லாத மனுஷி. அதனால்தான் அத்தனை பேர் நடுவில் சத்தமாகக் கேட்டார்.

"எங்க பொண்ணு களி துன்னுது. உங்க பொண்ணு இன்னா துன்னுது, நர்சம்மா?"

பெண்கள் எல்லாரும் செல்வியின் கையைப் பார்த்தார்கள். நானும் அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி நின்றது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் எடை போட்டவள் என் பிள்ளையைக் கவனிக்கவில்லையே. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். (அழும்போது கை தானாக டப்பாவுக்குள் போனது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

அந்தச் சனிக்கிழமை கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

"ஏங்க, இனிமே மிக்சர் இந்த வூட்டுக்குள்ள வரக்கூடாது."

"நல்லதுதான்" என்றார். மூன்று வாரம் வெறுங்கையோடு வந்தார். பிள்ளைகள் வாசலில் அவர் பையைச் சோதித்து, தரையில் புரண்டு அழுதார்கள். நான் அடுப்படியில் நின்று மனசுக்குள் அதையே செய்தேன். பொங்கலுக்கு மறுநாள் மட்டும் அவர் ஒரு கிலோ பொட்டலத்தை மேசையில் வைத்தார். "பொங்கல்தானே, பிள்ளைங்க முகத்தப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுநாள் மலை இறங்கிப் போய்விட்டார். ஆம்பிளைகளுக்கு என்ன, வைத்துவிட்டு இறங்கிவிடலாம்.

திங்கட்கிழமை காலை அந்தப் பொட்டலமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தூர எறிய மனசு வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றால், விஷம் என்று போன மாதம்தான் பேசியிருந்தேன். வீட்டில் ஒளித்து வைத்தால் ஒளித்த இடம் எனக்குத் தெரியுமே. கடைசியில், சின்னப்பொண்ணு அக்காவிடம் கொடுத்து, நானே வந்து கேட்டாலும் தராதே என்று சொல்லலாம் என்று பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அக்கா வாசலில் விதைக்கூடை கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த விதைப்புக்கு வேண்டிய சாமையை ஒரு பெரிய மூங்கில் கூடையில் கொட்டி, பூச்சி வராமலிருக்க நொச்சித்தழை போட்டு, வாயை மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி மூடிவிடுவார்கள். அதுதான் வேலை. நான் போன நேரம் சாணி போதவில்லை.

"குந்துங்க நர்சம்மா, இதோ வந்துடறன்" என்று தொழுவத்துப் பக்கம் போனார்.

நான் கூடையைப் பார்த்தேன். திறந்த வாய். உள்ளே கழுத்து வரைக்கும் சாமை. இன்றைக்கு மூடினால் மழைக்காலம் வரைக்கும் எவரும் திறக்க மாட்டார்கள். அக்காவின் மனசாவது நான் கெஞ்சினால் இளகும், மண்ணும் சாணியும் இளகுமா? என்ன புத்தி, என்ன புத்தி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, புடவை முந்தானையை இழுத்துச் செருகி, பொட்டலத்தை முழங்கை ஆழத்துக்கு உள்ளே அழுத்தினேன். பொட்டலம் கட்டிய நூல் பட்டென்று அறுந்த மாதிரி இருந்தது. சாமையை மேலே இழுத்துவிட்டுத் தழையைச் சரிசெய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தேன். அக்காவிடம் அப்புறம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம்.

அக்கா வந்து பூசினார். பாதியில் நிறுத்தி, "ராசியான கை, நீங்களும் ஒரு கை பூசுங்க" என்றார். பூசினேன். நன்றாக, கனமாகப் பூசினேன். கை கழுவும்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

"இந்த வருசம் எங்க வூட்டு மொறை நர்சம்மா. மழை பெய்ஞ்சி, இந்தக் கூடையச் சாமி முன்னால தொறந்து எங்க வெதை வுழுந்தாத்தான் ஊர்ல மத்தவங்க வெதைப்பாங்க. அது வரிக்கும் யாரும் கை வெக்கக்கூடாது. வெச்சா மழை வராதும்பாங்க."

நான் ஈரக் கையோடு நின்றேன். சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் அக்காவின் முகத்தில் அத்தனை பெருமை. அதைப் பார்த்த பிறகு, உங்கள் சாமிக்கூடையில் காராபூந்தி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்தியம் பலித்தது. வீட்டில் மிக்சர் இல்லை என்றானதும் நாலு நாள் ரகளை, ஐந்தாம் நாள் பாபு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றான். செல்வி அக்கா வீட்டில் அவர் மகளுக்குப் போட்டியாக உட்கார்ந்து களி உருண்டையை விழுங்கப் பழகினாள். நான் மருந்துப் பையின் ஓரத்தில் வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் முடிந்து எடுத்துப் போனேன். பிள்ளைகள் மாறினார்கள். மாறாதது என் மூக்கு. அக்கா வீட்டுக்குப் போனால் விதைக்கூடை பக்கத்தில்தான் உட்காருவேன். சாணி வாசனைக்கு அடியில், நொச்சி வாசனைக்கு அடியில், கொஞ்சம் பெருங்காய வாசனை வந்தது. கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுப்பேன். அக்கா இதைப் பல நாள் கவனித்திருக்கிறார்.

"இன்னா நர்சம்மா, மண்ணு வாசனைக்கு இப்டி ஏங்குறீங்க. மாசமா கீறீங்களா?"

இரண்டு போதும் என்று ஊர் முழுக்க வகுப்பெடுத்த நர்சு மூன்றாவதுக்கு நிற்கிறாள் என்று அடுத்த வாரமே நாலு ஊருக்குத் தெரிந்துவிட்டது. நான் மறுத்தேன். மறுக்க மறுக்க அக்கா எனக்குப் புளியங்காய் கொண்டுவந்து கொடுத்தார்.

இதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். மழைதான் வரவில்லை. சித்திரையில் ஒரு தூறல், அத்தோடு சரி. வைகாசி முழுக்க மேகம் வரும், அந்தப் பக்கம் அமிர்திக் காட்டு மேல் போய்க் கொட்டிவிட்டு எங்களுக்கு வெறும் காற்றை அனுப்பும். ஏர் எல்லாம் சும்மா கிடந்தது. கிணற்றடியில் ஒரே பேச்சு. "யாரோ இன்னாவோ தப்பு பண்ணிக்கீறாங்க." நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக நகர்வேன். நான் படித்தவள். மேகத்துக்கும் மிக்சருக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஒரு நாள் வானத்தைப் பார்த்து, "தாயே, அதில் பாதிதான் ஓமப்பொடி, மீதியெல்லாம் கடலையும் பருப்பும்தான்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

ஆனி பிறந்து மழை கொட்டியது. கொட்டிய வேகத்தில் என் வீட்டுக் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. நான் சந்தோஷமாகப் பாத்திரம் வைத்தேன். மழை வந்துவிட்டது, என் மேல் குற்றமில்லை. அப்புறம்தான் உறைத்தது. மழை வந்தால் கூடையைத் திறப்பார்கள்.

மூன்றாம் நாள் காலை ஊர் முழுக்க அக்காவின் கொல்லையோரம், அதாவது அவர்கள் சாமை விதைக்கிற நிலத்தோரம், கூடியது. அங்கே மரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு கல்தான் சாமி. கூடையை அதன் முன்னால் இறக்கினார்கள். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வயதிருக்கும், முகம் மட்டும் எப்போதும் பல்வலிக்காரர் முகம். அவர் கத்தியால் பூச்சைக் கீறித் திறந்தார். அக்கா குளித்து ஈரத் தலையோடு நின்றார். முதல் கை விதையை மேலாக அள்ளக்கூடாதாம். கண்ணை மூடி, கை போகிற மட்டும் உள்ளே விட்டு, ஆழத்திலிருந்து எடுத்துச் சாமி முன்னால் முறத்தில் போட வேண்டுமாம். (இதையும் அன்றைக்குத்தான் சொன்னார்கள்.) நான் பாபுவை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கண்ணை மூடினார். கை முழங்கை வரைக்கும் போனது. முகம் ஒரு மாதிரி ஆனது. எடுத்து முறத்தில் போட்டார்.

மூன்று வேர்க்கடலை. ஒரு கறிவேப்பிலை. சாமை ஒட்டிய ஓமப்பொடி ஒரு பிடி. எண்ணெய் ஊறிய தினத்தாள் ஒரு துண்டு. மழை நின்ற அந்தக் காலையில் பெருங்காய வாசனை கம்மென்று எழுந்தது.

கவுண்டர் குனிந்து ஒரு காராபூந்தியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்னா?"

அக்கா கண்ணைத் திறந்தார். முறத்தைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "வெதை கெட்டுப்போச்சி. இந்த வூட்டு வெதை வோணாம். இந்த வருசம் இவங்க கொல்லையச் சும்மா போட்டுடட்டும்." இன்னும் நாலு பேர் ஆமாம் என்றார்கள். அக்காவின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். கொல்லையைச் சும்மா போட்டால் அந்த வீட்டில் வருஷம் பூரா அடுப்பு எரியாது. என் செல்விக்குக் களி ஊட்டிய அடுப்பு அது. பாபுவை இடுப்பில் வைத்தபடியே முன்னால் போனேன்.

"அது என்னுதுங்க. நான்தான் வெச்சேன். அக்காவுக்குத் தெரியாது."

கவுண்டர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"வெதைக்கூடைல எதுக்கும்மா வெச்ச?"

"திங்காம இருக்கத்தானுங்க."

"இன்னா?"

"வூட்டுல இருந்தா தின்னுடறேன். பிள்ளைங்களும் சோறு திங்க மாட்டேங்குதுங்க. அதான் கைக்கு எட்டாத இடமா..." கூட்டத்தைப் பார்த்தேன். பலாமரத்தடியில் எனக்குத் தலையாட்டிய அத்தனை பெண்களும் நின்றார்கள். அதில் ஒருத்தி, "வெஷம்னு சொன்னீங்களே நர்சம்மா" என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டாள்.

முதலில் சிரித்தது அக்காதான். சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "அதான் கூடைய மோந்து மோந்து பார்த்தீங்களா. நான் புளியங்கா வேற குடுத்தனே" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஊரே சிரித்தது. கவுண்டர் சிரிக்கவில்லை. அவர் முறத்தைப் பார்த்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்.

"வெதைக்கூடைக்குள்ள போனது வெதைதான். அத்தத் துன்னக்கூடாது, தூரவும் போடக்கூடாது. உள்ள வெச்சவங்களே கொல்லைல வெதைக்கணும். மத்த வெதைக்கு இன்னா குத்தம், அது பாட்டுக்கு வெதைக்கலாம்."

எண்ணெய் பட்ட சாமையையும் மிக்சரையும் தனியாகப் பிரித்து ஒரு கூடையில் போட்டுக் கொடுத்தார்கள். குறைந்த விதைக்கு வீட்டுக்கு ஒரு கை சாமை வந்தது. அக்காவின் புருஷன் ஏர் ஓட்ட, அரசாங்கச் சம்பளம் வாங்குகிற நான், வெள்ளைப் புடவையில், சேற்றில், பின்னாலேயே போய் ஒரு கிலோ மிக்சரைக் கை கையாக விதைத்தேன். எனக்குப் பின்னால் காக்காய்கள். அதற்குப் பின்னால் இரண்டு ஆடுகள். பாபு மட்டும் வரப்பில் நின்று ஒவ்வொரு கைக்கும் கதறினான். எனக்கும் உள்ளுக்குள் அதே கதறல்தான். வேர்க்கடலை விழுந்த இடத்தைத் தாண்டும்போது ரொம்ப மனசைத் திடப்படுத்த வேண்டியிருந்தது.

கணவருக்கு இது எதுவும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை மில்லில் யாரோ கொடுத்த முறுக்குப் பொட்டலத்தோடு ஏறி வந்திருக்கிறார். வழியில் பார்த்தவர்கள் எல்லாம் நின்று கும்பிட்டு, "இன்னா சார், இந்த வாரத்து வெதையா?" என்று கேட்டிருக்கிறார்கள். நாலாவது ஆள் கேட்ட பிறகு மனுஷன் பொட்டலத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

செய்த தப்புக்கு அந்தக் கொல்லையில் களை எடுக்க ஞாயிறுதோறும் போனேன். பிள்ளைகளும் வந்தார்கள். மத்தியானம் அக்கா கொண்டுவரும் களியையும் கீரைக் குழம்பையும் வரப்பில் உட்கார்ந்து எல்லாரும் சாப்பிடுவோம். உட்கார்ந்து சாப்பிட்டால் பசி அடங்குகிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். ஆவணி மாத எடையில் செல்வி ஏறியதும் முள் இறங்கியது. பெண்கள் எல்லாரும் ஓ என்றார்கள். அதற்கு அப்புறம் நான் பலாமரத்தடியில் விஷம் என்ற வார்த்தையைப் பேசியதே இல்லை. அந்தக் கொல்லைக்கு இன்றைக்கும் ஊர் வாயில் மிச்சர் கொல்லை என்றுதான் பெயராம். காரணம் கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாகச் சொல்வார்களாம்.

கதை மலையோடு நின்றிருந்தால் தேவலாம். செல்வியின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நான் பலகாரத் தட்டை நீட்டினேன். மிக்சரைப் பார்த்ததும் பாபு, இருபத்திரண்டு வயதுத் தடியன், சும்மா இருக்காமல், "அம்மா, இது துன்றதா, வெதைக்கிறதா?" என்று கேட்டான். சம்பந்தியம்மாள் விவரம் கேட்டார். என் கணவர் ஒன்றுவிடாமல், ஆடு காக்காய் உட்பட, நடித்தே காட்டினார். கல்யாணம் நிற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் சம்பந்தி வீட்டிலிருந்து எனக்கு ஒரு கிலோ மிக்சர் வருகிறது. பொட்டலத்தின் மேல் பேனாவால், கொட்டை எழுத்தில், "விதைக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும்.

போன பொங்கலுக்கும் வந்தது. தட்டு எடுத்தேன், நாற்காலியில் உட்கார்ந்தேன், ஒரே ஒரு கை போட்டுக்கொண்டு பொட்டலத்தைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். (அதற்கப்புறம் அலமாரியை நாலைந்து தடவை தாண்ட வேண்டிய வேலை இருந்தது. அது வேறு விஷயம்.)